உப்பில்லாத கல்

என் அண்ணன் கல்லை நக்குவார். சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பாறையோடு பிழைக்கிற பலர் வெளியே சொல்லிக்கொள்ளாமல் செய்கிற காரியம்தான் அது. கண்ணால் பார்த்து முடிவுக்கு வர முடியாதபோது நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார்கள். களிமண் கலந்திருந்தால் நாக்கில் ஒட்டும். உப்பு இருந்தால் கரிக்கும். அண்ணன் இதை ஊரார் முன்னாலேயே கூச்சமில்லாமல் செய்வார். அம்மா இருந்த காலத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில், வாசலில் அழகுக்கு வைத்திருந்த கல்லை எடுத்து நக்கிவிட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. பிறகு வந்தவற்றை அவரே நிறுத்திவிட்டார்.

அவரைப் பார்த்துத்தான் நானும் பாறைக்கு வந்தேன். அவர் எண்ணெய் தேடுகிறவர். நான், அவரைப் போன்றவர்கள் தோண்டி எடுத்து அனுப்புகிற பாறையைச் சோதிக்கிறவள். புக்கிட் தெங்காவில், இரண்டு மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு நடுவில் எங்கள் ஆய்வகம். என் கல்யாணம் நடந்து, முடிந்தும் போய், நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் தீவில், ஜெலுத்தோங்கில் இருந்த அண்ணனுடைய அடுக்குமாடி வீட்டுக்கே திரும்பி வந்திருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. பெரிய அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டு, தன் கற்களோடு சின்ன அறைக்குப் போய்விட்டார்.

அவருடைய கம்பெனி கோலாலம்பூரில் இருந்தது. வேலை நடு ஆசியாவில், பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாத ஒரு பாலைவனத்தில். மனிதர்கள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு அங்கே ஓர் உப்பு ஏரி இருந்தது. ஆறுகள் வந்து விழும், வெளியே போக வழி கிடையாது. வெயிலில் தண்ணீர் வற்றும், உப்பு ஏறும். ஈரமான காலம் திரும்பினால் மறுபடி நிறையும். எண்ணெய் தேடிப் போன எல்லாரும் அந்த ஏரியின் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் அதன் கரையைப் பார்த்தார். ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணை அலை அலசிக்கொண்டே இருக்கும். சேறு பிரிந்து ஆழத்துக்குப் போகும், சுத்தமான மணல் கரையோரம் நீள நீளமான மேடுகளாகக் குவியும். ஏரி சுருங்கினால் உள்ளே ஒரு மேடு, பெருகினால் வெளியே இன்னொரு மேடு. ஏரிச் சேற்றில் செத்துப் புதைந்த பாசிதான் பிற்பாடு எண்ணெய் ஆகிறது. அந்த எண்ணெய் வந்து தங்க மணலுக்குள் இடம் வேண்டும். அது தப்பிக்காமல் இருக்க மேலே உப்புப் படலம் மூடியாக வேண்டும். மூன்றும் அங்கே இருக்கிறது என்பது அவர் கட்சி.

இதை எனக்கு அவர் விளக்கியது, வீட்டுக்குக் கீழே இருக்கும் மாமாக் கடையில்; தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை அது. நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் குடித்து முடித்த கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"நுரை எங்க இருக்கு பாரு. அடியிலயா? ஓரத்துல. ஒவ்வொரு வாய் குடிக்கறப்பவும் ஒரு கோடு விழுது. ஒவ்வொரு கோடும் ஒரு கரை. இவனுங்க கிளாஸுக்கு அடியிலயே தோண்டிக்கிட்டு இருக்கானுங்க."

"சரி, நீங்க எந்தக் கோட்டுல தோண்டுவீங்க?"

"அதுதான்லா வேலையே" என்றார்.

எந்தக் கோடு என்று அவர் ஒருவழியாக முடிவு செய்தபோது அவருடைய சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. சர்க்கரை வியாதி. எங்கள் குடும்பத்தில் அது பரம்பரை நகைபோல எல்லாருக்கும் வந்து சேரும். கம்பெனி ஒரு பூங்கொத்தும் கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. அவர் குறித்துக் கொடுத்த இடம் மட்டும் அவர்களுடைய வரைபடத்தில் தங்கிவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். உப்பு கூடாது, தண்ணீர் அளந்துதான், பழம் யோசித்துத்தான். நான் உப்பில்லாமல் சமைத்ததை முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுவார். சில நாள் என் தட்டில் இருக்கும் குழம்பில் ஒரு விரலை வைத்து எடுத்து, நான் திட்டுவதற்குள் வாயில் வைத்துக்கொள்வார்.

டயாலிசிஸ் செய்ய, கையில் ஒரு தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்து வைப்பார்கள். அதில் ஊசி ஏற்றித்தான் இரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பும். இணைப்பு நன்றாக ஓடினால் அந்த இடத்தில் விரலை வைத்தாலே தெரியும். பூனையின் வயிற்றில் கை வைத்தால் ஓர் அதிர்வு வருமே, அப்படி. காலையில் நான் காப்பி போடுவதற்கு முன்னால் அவருடைய இடது கையைப் பிடித்துப் பார்ப்பேன். அதிர்வு இருந்தால் அன்றைக்குப் பிரச்சினை இல்லை.

ஒரு காலை அது இல்லை.

இணைப்பில் இரத்தம் கட்டிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு தடவை அடைப்பெடுத்துப் பார்த்தார்கள், அதிர்வு திரும்பவில்லை. தற்காலிகமாகக் கழுத்தில் ஒரு குழாய் வைத்தார்கள். மருத்துவர் ஒரு சீனப் பெண், என்னைவிட வயது குறைவு. சுற்றி வளைக்காமல் பேசினார். வலது கையில் புது இணைப்பு போட வேண்டும். போட்டாலும் அது முற்றிப் பலமாகப் பல வாரம் ஆகும். கழுத்துக் குழாயை நம்பி நெடுநாள் இருக்க முடியாது, கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு சீக்கிரம் கையைத் தருகிறாரோ அவ்வளவு நல்லது.

அண்ணன் கையைத் தர மாட்டேன் என்றார்.

அவர் குறித்த இடத்தில் அப்போதுதான் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கிளம்பி வந்து வருடக்கணக்கான பிறகு, யாருக்கோ அவருடைய கோடு ஞாபகம் வந்திருந்தது. "கிணறு முடியட்டும்" என்றார் மருத்துவரிடம். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் தோட்டக் கிணறு வெட்டுகிறோம் என்று நினைத்திருப்பார்.

மருத்துவர் போன பிறகு நான் கத்தினேன். பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"கத்தாத" என்றார் அண்ணன். "மூணு நாள் மெஷின்ல படுத்திருக்கேன். மிச்ச நாளு அந்த மூணு நாள் அசதியில போகுது. இன்னொரு கையையும் வெட்டிக் குடுக்கணும்னா எதுக்குன்னு ஒரு காரணம் வேணும்லா. அந்த மணல்ல இடம் இருந்திச்சின்னா, நான் பார்த்தது சரின்னு ஆயிடும். அப்புறம் என்ன ஆகுதுன்னு பார்க்கறதுக்காவது இருக்கலாம். இல்லன்னா இந்தக் கழுத்துக் குழாய் போதும். அது எவ்வளவு நாள் ஓடுதோ ஓடட்டும்."

அப்படியானால் நான்? வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. அப்படிக் கேட்டு வாங்குகிற பதில் எனக்கு எதற்கு? ஆரஞ்சை உரித்தேன், அவருக்கு ஆரஞ்சு கூடாது என்பது ஞாபகம் வந்து நானே தின்றேன். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அவரோடு ஆஸ்பத்திரியில் இருக்க நான் விடுப்பு எடுத்திருந்தேன். அந்த நாட்களில்தான் அந்தக் கிணற்றின் கோர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து இறங்கியது. ஆழத்திலிருந்து உருளையாக வெட்டி எடுக்கிற பாறையைக் கோர் என்போம். அதன் மேல் பகுதியில் எண்ணெய்க் கறை இருந்தது. ஏரிச் சேற்றில் எண்ணெய் உண்டானது நிச்சயம். மிச்சக் கேள்வி ஒன்றுதான்: கரை மணலுக்குள் அது தங்க இடம் இருக்கிறதா? அதைச் சொல்வது எங்கள் வேலை. நான் இல்லாததால், கூட வேலை செய்கிறவர்கள் செய்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு இடம் இருக்கிறது என்று கணக்கு வந்தது. இந்தத் தொழிலில் அது கேட்டதும் எழுந்து நிற்க வைக்கிற கணக்கு.

அண்ணனோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். அண்ணன் கேட்டுவிட்டுத் தொலைபேசியை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மேலே மின்விசிறியைப் பார்த்தார். பிறகு மிஸ்ஸியைக் கூப்பிடச் சொன்னார். இங்கே தாதியை நாங்கள் மிஸ்ஸி என்போம். "டாக்டர்கிட்ட சொல்லுங்க, கை ரெடின்னு." அடுத்த வாரம் அறுவை என்று நாள் குறித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் முகம் மழித்துக்கொண்டார். என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கோர்ல ஒரு சில்லு கொண்டு வா" என்றார். "என் கரைய நான் ஒரு தடவையாவது தொட்டுப் பாக்கணும்."

எனக்கு இருந்த சந்தோஷத்தில், அன்று ஆய்வகத்துக்குப் போகிற வழியில் பாலத்தில் நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றதும் வலிக்கவில்லை.

ஆய்வகத்துக்குப் போனதும் முதலில் அந்தக் கோரைத்தான் எடுத்துப் பார்த்தேன். சோதனைக்கு விரல் தடிமனில் துண்டுகள் எடுத்த பிறகு மிஞ்சிய ஓரங்கள் தட்டில் இருந்தன. ஒன்றை எடுத்தேன். கனத்தது. சோதனை முடிந்த துண்டை எடுத்தேன். லேசாக இருந்தது, விரலால் தேய்த்தால் மணல் உதிர்ந்தது. ஒரே பாறை, ஒரே ஆழத்தில் எடுத்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஓரத்துண்டில் மணல் துகள்களுக்கு நடுவிலெல்லாம் கண்ணாடிபோல ஏதோ நிரம்பியிருந்தது. சோதித்த துண்டில் அந்த இடமெல்லாம் காலி.

கழுவும் வேலையைப் பார்ப்பது புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வருகிற ஓர் அக்கா. அண்ணன் படுத்த நாளிலிருந்து தண்ணீர்மலைக் கோயில் திருநீற்றை மடித்து மடித்து என்னிடம் கொடுத்தனுப்புகிறவர். அவரிடம் போனேன்.

"அக்கா, இதுக்கு மெத்தனால் போட்டீங்களா?"

"எப்பவும் போடறதுதானே. மொத டொலுவின்ல எண்ணெய் போக்கி, அப்புறம் மெத்தனால்ல உப்பு போக்கி. ஏன், சரியா போகலியா? உங்க அண்ணன் கிணறுன்னு சொன்னாங்க. நல்லா சுத்தமா வரட்டும்னு கூட ரெண்டு நாள் ஓட விட்டேன்."

அவரை என்ன சொல்வது? எங்களிடம் வருவதெல்லாம் கடலுக்கு அடியிலிருந்து எடுத்த மணல். அதில் இருக்கிற உப்பு, பாறைக்குள் இருந்த தண்ணீர் காய்ந்ததால் ஒட்டிக்கொண்ட அழுக்கு. அதைக் கழுவிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இருபது வருடமாக அப்படித்தான் செய்தோம், எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தப் பாறை அப்படியல்ல. ஏரி வற்றியபோது கெட்டியான உப்புநீர் கரை மணலுக்குள் இறங்கி, அங்கேயே இறுகி, ஒவ்வொரு துளையையும் அடைத்திருக்கிறது. எண்ணெய் வருவதற்கு முன்பே உப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த உப்பு அழுக்கில்லை, பாறையே அதுதான். பாறையைக் கரைத்துவிட்டு, எவ்வளவு இடம் இருக்கிறது பார் என்று அளந்திருக்கிறார்கள். நான் அங்கே இருந்திருந்தால் கோரைப் பிரித்த அன்றே கண்டிருப்பேன். நான் ஆஸ்பத்திரியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

புதுத் துண்டுகளைத் தண்ணீர் படாமல் எண்ணெய் ஊற்றி வெட்டினோம், மெத்தனால் இல்லாமல் அளந்தோம். இடமே இல்லை. சிமெந்துத் தரைக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. அன்றே கோலாலம்பூருக்குத் திருத்தி அனுப்பினேன், அதில் எனக்கு ஒரு நிமிடத் தயக்கமும் இல்லை. பிறகு அண்ணனுடைய அந்தப் பழைய சகாவைக் கூப்பிட்டு, அறுவை முடியும் வரை அவரோடு பேச வேண்டாம் என்றேன். உடனே ஒத்துக்கொண்டார். நல்ல செய்தியைச் சொல்லத்தான் ஆட்கள் முந்துவார்கள்.

ஆனால் அண்ணன் தினமும் கல்லைக் கேட்டார். "எடுத்துட்டு வரலியா? ஒரு சில்லு, அவ்வளவுதானே." மறந்துவிட்டது என்று எத்தனை நாள் சொல்வது? ஓரத்துண்டைக் கொண்டு போனால் நாக்கில் வைத்த நொடியில் கண்டுபிடித்துவிடுவார். இத்தனை கரிக்கிற மணலில் துளை ஏது என்று அவருக்குத் தெரியும். அதனால் கழுவிய துண்டில் ஒன்றை எடுத்தேன். லேசாக, உதிரியாக, துளை துளையாக, அவர் ஆசைப்பட்டபடியே இருந்த ஒன்று. நாக்கில் வைத்தாலும் ஒன்றும் கரிக்காது. கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாக நினைத்தேன்.

அறுவைக்கு முந்திய நாள் சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு உருண்டையா இருக்கு பாரு மணலு. அலை எவ்வளவு நாள் உருட்டியிருக்கும்" என்றார். அவர் குரல் அப்படி இளகி நான் கேட்டதில்லை. பிறகு, எதிர்பார்த்ததுபோலவே, நாக்கு நுனியில் வைத்தார்.

எடுத்தார். மறுபடி வைத்தார்.

"உப்பு எங்க?"

நான் அவருடைய மருந்துப் பெட்டியை எடுத்து அடுக்கினேன்.

"உப்பு ஏரிக் கரையில உப்பே இல்லாத மண்ணா? கொஞ்சமாவது கரிக்கணுமே. உன் சமையல் மாதிரி இருக்கு." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெத்தனாலா?"

"ஆமாண்ணே."

"கழுவாதது எவ்வளவு?"

"ஒண்ணும் இல்ல."

கல்லை ஜன்னல் விளிம்பில் வைத்தார். கீழே மாமாக் கடையில் யாரோ வழியை மறித்து நின்ற காடியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் கவனிப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கரையில ஏரி ரொம்ப காலம் காஞ்சு கிடந்திருக்கு" என்றார் கடைசியில். "ஆறு வந்து விழற பக்கமாப் போயிருக்கணும். அங்க தண்ணி நல்ல தண்ணியா இருந்திருக்கும், உப்பு இறுகியிருக்காது. கோடு சரிதான். கோட்டுல இடம்தான் தப்பு." பிறகு, "இனிமே எவனும் தோண்ட மாட்டான்" என்றார்.

"நாளைக்கு..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. அழுதேன். அவர் முன்னால் அழுவதில்லை என்று வைத்திருந்தேன், அதெல்லாம் போயிற்று. "உங்க கிணறு நாசமாப் போகட்டும். எனக்கு அந்தக் கை வேணும்" என்றேன்.

அவர் வெகு நேரம் என்னைப் பார்த்தார். ஏதோ புதிதாகத் தோண்டி எடுத்ததைப் பார்ப்பதுபோல.

"எனக்கே கழுவின கல்லக் கொண்டு வந்து ஏமாத்தப் பாத்திருக்க" என்றார். "உப்பு இல்லாத கல்லு. ஒரு ஜியாலஜிஸ்ட்கிட்ட." தலையை ஆட்டிக்கொண்டார். "நீ இவ்வளவு தூரம் வந்த பிறகு நான் அடம் புடிச்சா நல்லா இருக்காதுலா. காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

அவரை ஏமாற்றப் பார்த்ததில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது. இன்னொரு தடவை என்றாலும் செய்வேன், கொஞ்சம் உப்பைத் தடவிக் கொண்டு போவேன்.

அறுவை நன்றாக நடந்தது. கட்டைப் பிரித்ததும் மருத்துவரே என் விரலைப் பிடித்து அவருடைய வலது கையில் வைத்தார். அதிர்வு இருந்தது. இடது கையில் இருந்ததைவிடப் பலமாக, விரலுக்கு அடியில் உறுமிக்கொண்டிருந்தது. "ரொம்ப அழகான இணைப்பு" என்றார். முற்றும் வரை காத்திருக்க வேண்டும், அதுவரை கழுத்துக் குழாய்தான். கோலாலம்பூரில் அந்தக் கிணற்றைச் சிமெந்து போட்டு மூட முடிவு செய்ததாகத் தகவல் வந்தது. அண்ணன் கேட்டுக்கொண்டு, "மூடட்டும்" என்றார். கழுவாத ஓரத்துண்டைக் கொண்டு வரச் சொன்னார். நாக்கில் வைத்து, நான் போதும் என்று பிடுங்கும் வரை வைத்திருந்தார். "நல்ல உப்பு" என்றார். அதன் பிறகு கிணற்றைப் பற்றிப் பேசவில்லை. காலையில் நான் எழுவதற்கு முன்பே வலது கையை மேசை மேல் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காப்பி போடப் போவேன்.

இணைப்பு முற்றவில்லை. அதற்குள் கழுத்துக் குழாயில் கிருமி ஏறிவிட்டது. டயாலிசிஸ் நாற்காலியிலேயே குளிரில் பல் கிட்டி நடுங்கினார். மறுபடி பெரிய ஆஸ்பத்திரி. குழாயை எடுத்தார்கள், மருந்தை மாற்றி மாற்றி ஏற்றினார்கள். கிருமி இதயத்துக்குப் போய்விட்டது என்றார் அந்தச் சீன மருத்துவர். இந்தத் தடவையும் சுற்றி வளைக்கவில்லை, ஆனால் சொல்லும்போது என்னை விட்டுவிட்டு அண்ணனுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் மத்தியானம் அவருக்கு நினைவில்லை. முகம் மாறிவிட்டிருந்தது. எங்கே பிடிப்பது என்று தெரியாமல், பழக்கத்தில் வலது கையைப் பிடித்தேன். அங்கே மட்டும் எல்லாம் சரியாக இருந்தது. எனக்காக அவர் வெட்டிக் கொடுத்த கை ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மிஸ்ஸி வந்து திரையில் எதையோ பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார். நான் விரலை எடுக்கவில்லை. அதிர்வு மெல்ல மெல்ல இறங்கியது, இடையில் நின்றது, மறுபடி வந்தது, பிறகு வரவில்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் விரலை அங்கேயேதான் வைத்திருந்தேன்.